இழுவையும் வடிவமும்

உயர்தர வகுப்பில் எங்களுக்கு நடந்த முதலாவது தவணைப் பரீட்சையில் இரசாயனவியல் வினாத்தாளில் ஒரு சிறிய வினா வந்தது. நீர், காபனீரொட்சைட்டு ஆகிய இரண்டில் முனைவுள்ள மூலக்கூறு எது, காரணம் தருக என்பதே அது. இரண்டுமே முனைவுள்ளவை என்று நான் எழுதினேன். ஒட்சிசனின் மின்னெதிர்த்தன்மை ஐதரசனுடையதை விடவும் அதிகம், காபனுடையதை விடவும் அதிகம், ஆகவே இரண்டிலும் இலத்திரன்கள் ஒட்சிசனின் பக்கம் இழுபடுகின்றன என்று காரணமும் எழுதினேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. ஆசிரியை பக்கத்தில் மூலக்கூறின் வடிவத்தைக் கேட்டு ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

வகுப்பில் இரசாயனவியலில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்த எனக்கு அது பெரிய வெட்கமாகிவிட்டது. தோழிகள் பார்க்காமல் விடைத்தாளைப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்தேன். மின்னெதிர்த்தன்மை அட்டவணையை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். பிறகு எங்கே பிழைத்தது? அந்த அட்டவணையின் மேலே போலிங் அளவுத்திட்டம் என்று எழுதியிருந்தது. யார் இந்தப் போலிங் என்று தேடத் தொடங்கியது அன்றுதான். நான் வாசித்தறிந்த அந்த மனிதரின் வாழ்க்கையை இங்கே என் தோழிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

லைனஸ் போலிங் 1901ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லண்ட் நகரில் பிறந்தார். தந்தை ஹேர்மன் போலிங் மருந்துக்கடை நடத்தியவர். கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாசித்து முடித்துவிடும் ஒன்பது வயது மகனுக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்று தெரியாமல், அந்தத் தந்தை ஒரு பத்திரிகை ஆசிரியருக்கே ஆலோசனை கேட்டுக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில், 1910இல், அவர் வயிற்றுப் புண் முற்றித் திடீரென இறந்துபோனார். தாய் பெல், மகனையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் வளர்க்க வீட்டிலேயே வாடகைக்கு ஆட்களை வைத்து உணவு சமைத்துக் கொடுத்தார். அவருக்கும் கடுமையான இரத்தச்சோகை நோய் இருந்தது. சிறுவன் லைனஸ் கிடைத்த வேலையையெல்லாம் செய்து வீட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

பதின்மூன்று வயதில் ஒருநாள் அவர் தன் நண்பன் லொயிட் ஜெப்ரெஸின் வீட்டுக்குப் போனார். நண்பன் சீனியோடு பொற்றாசியம் குளோரேற்றைக் கலந்து அதன்மேல் ஒரு துளி சல்பூரிக் அமிலத்தை விட்டான். வெள்ளைச் சீனி கண்முன்னே ஆவி பறக்கக் கறுப்புக் காபனாக மாறியது. ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறும் அந்தக் காட்சி அவரை விடவே இல்லை. அன்றே இரசாயனவியலாளனாவது என்று தீர்மானித்துவிட்டார். கைவிடப்பட்ட பழைய உருக்காலை ஒன்றிலிருந்து எடுத்து வந்த இரசாயனப் பொருட்களைக் கொண்டு வீட்டின் நிலக்கீழ் அறையில் ஓர் ஆய்வுகூடம் அமைத்தார்.

பாடசாலை அவரைச் சான்றிதழ் கொடுத்து அனுப்பவில்லை. வரலாற்றுப் பாடத்தின் இரண்டு பகுதிகளையும் ஒரே தவணையில் படிக்க அவர் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டதால், அது இல்லாமலே 1917இல் வெளியேறினார். 45 ஆண்டுகள் கழித்து, 1962இல், அதே பாடசாலை அவருக்கு அந்தச் சான்றிதழை வழங்கியது. அதற்குள் அவர் நொபெல் பரிசே பெற்றிருந்தார்.

பாடசாலையை விட்டதும் இயந்திரப் பட்டறை ஒன்றில் நல்ல சம்பளத்துடன் வேலை கிடைத்தது. மகன் அதிலேயே இருந்துவிட வேண்டும் என்று தாய் விரும்பினார். கணவனை இழந்து, நோயோடு மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயின் அந்த விருப்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர்களிலும் எத்தனையோ வீடுகளில் இந்தப் பேச்சு நடப்பதை நாங்கள் அறிவோம். ஆனாலும் லைனஸ் கொர்வாலிஸ் நகரிலிருந்த ஒரிகன் விவசாயக் கல்லூரிக்குப் போனார். இரண்டு ஆண்டுகளில் காசு முடிந்தது. படிப்பை நிறுத்தி வீதி அமைக்கும் இடத்தில் பரிசோதகராக வேலை செய்துகொண்டிருந்தபோது, அதே கல்லூரி அவரை மாதம் 100 டொலர் சம்பளத்தில் கற்பிக்க அழைத்தது. தான் முந்திய ஆண்டு படித்த பாடத்தையே பதினெட்டு வயதில் மற்றவர்களுக்குக் கற்பித்தார். அந்த ஆண்டில்தான் கில்பேர்ட் லூயிஸ் எழுதிய கட்டுரைகள் அவர் கைக்கு வந்தன. இரண்டு அணுக்கள் ஒரு சோடி இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொள்வதே பிணைப்பு என்று லூயிஸ் சொல்லியிருந்தார். அப்படியானால் அந்தப் பங்கீடு எப்போதும் சமமானதா என்ற கேள்வி இளைஞர் போலிங்கின் மனதில் தங்கிவிட்டது.

1922இல் மனையியல் படிக்கும் மாணவியருக்கு இரசாயனவியல் கற்பிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. முதல் நாளில் பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒரு மாணவியிடம் அமோனியம் ஐதரொட்சைட்டைப் பற்றிக் கேட்டார். அந்த மாணவி சரியாகப் பதில் சொன்னார். அவர்தான் ஏவா ஹெலன் மில்லர். அடுத்த ஆண்டு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். போலிங்கின் பிற்கால வாழ்வின் போக்கை மாற்றியவர் இந்தப் பெண்மணியே.

கலிபோர்னியா தொழினுட்ப நிறுவனத்தில் 1925இல் கலாநிதிப் பட்டம் பெற்ற போலிங், அடுத்த ஆண்டு புலமைப்பரிசிலோடு ஐரோப்பாவுக்குச் சென்றார். குவாண்டம் பொறிமுறை அங்கே அப்போதுதான் பிறந்திருந்தது. மூனிச்சில் சொமர்பெல்ட்டிடம் அதைக் கற்றார். அந்தப் பயணத்தின்போதே அவருடைய தாய் ஊரில் காலமானார். பௌதிகவியலாளர்களின் புதிய கணிதத்தை இரசாயனவியலாளர்களின் பழைய கேள்விகளுக்குப் பயன்படுத்துவது என்ற எண்ணத்தோடு அவர் 1927இல் திரும்பி வந்தார்.

முதலாவது கேள்வி வடிவம் பற்றியது. மெதேனில் காபன் நான்கு ஐதரசன்களோடு நான்கு சமமான பிணைப்புகளை உண்டாக்குகிறது. அவை நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நிற்கின்றன. காபன் இவ்வாறு நான்முகியாகவே பிணைகிறது என்பதை வான்ட் ஹொஃப், லெ பெல் ஆகிய இருவரும் 1874இலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் பௌதிகவியலின்படி காபனின் வெளி ஓட்டில் எஸ் ஓபிற்றல் ஒன்றும் பீ ஓபிற்றல்கள் மூன்றும் இருக்கின்றன. இவை ஒரே மாதிரியானவை அல்ல. ஒரே மாதிரியல்லாதவற்றிலிருந்து ஒரே மாதிரியான நான்கு பிணைப்புகள் எப்படி வரும்? போலிங் பல மாதங்கள் இதில் திணறினார். 1930 டிசம்பரில் ஓரிரவு, கணிதத்தை எளிமையாக்கும் ஒரு வழி புலப்பட்டது. நான்கு ஓபிற்றல்களையும் ஒன்றாகக் கலந்தால் சமமான நான்கு புதிய ஓபிற்றல்கள் கிடைத்தன. அவற்றுக்கிடையிலான கோணம் 109.5 பாகையாக, நான்முகியின் கோணமாகவே வந்தது. நாங்கள் இன்று கலப்பாக்கம் என்று படிப்பது இதைத்தான். 1931இல் இரசாயனப் பிணைப்பின் இயல்பு பற்றிய அவருடைய முதற் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பதுதான்.

இரண்டாவது கேள்வி இழுவை பற்றியது. இதற்கு அவர் கண்ட வழியை எங்கள் பாடநூல் பெறுமானங்களைக் கொண்டே விளக்கலாம். ஐதரசன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மூல் ஒன்றுக்கு 436 கிலோயூல் சக்தி தேவை. குளோரீன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க 242 கிலோயூல் போதும். ஐதரசனும் குளோரீனும் சேர்ந்த பிணைப்பில் இலத்திரன்கள் சமமாகப் பங்கிடப்பட்டால், அதன் சக்தி இவ்விரண்டின் சராசரியாகிய 339க்குக் கிட்ட இருக்க வேண்டும். உண்மையில் அது 431. இந்த மேலதிகமான 92 கிலோயூல் எங்கிருந்து வந்தது? குளோரீன் இலத்திரன் சோடியைத் தன்பக்கம் சற்று இழுத்துக்கொள்கிறது. அதனால் குளோரீனில் சிறிதளவு மறை ஏற்றமும் ஐதரசனில் சிறிதளவு நேர் ஏற்றமும் உண்டாகின்றன. எதிரெதிரான ஏற்றங்கள் ஒன்றையொன்று கவர்வதால் பிணைப்பு மேலும் வலுப்பெறுகிறது. அந்த மேலதிக சக்தியின் வர்க்கமூலத்தை எடுத்தால், இரண்டு மூலகங்களுக்கும் இடையிலான இழுவை வித்தியாசத்தை எண்ணாகச் சொல்லலாம் என்று போலிங் 1932இல் காட்டினார். அதுவே மின்னெதிர்த்தன்மை அளவுத்திட்டம். 1939இல் வெளிவந்த அவருடைய நூலில் புளோரீனுக்கு 4.0, ஒட்சிசனுக்கு 3.5, காபனுக்கு 2.5, ஐதரசனுக்கு 2.1 என்ற பெறுமானங்கள் இருக்கின்றன. நான் மனப்பாடம் செய்த அட்டவணை இவ்வாறு ஒவ்வொரு பிணைப்பின் சக்தியையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கட்டப்பட்டது என்பதை அறிந்தபோது, அதன்மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது.

இவ்விரண்டு கேள்விகளும் சேரும் இடத்தில்தான் என் பிழை இருந்தது. விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தலை நினைத்துப் பாருங்கள். சம பலமுள்ள இரண்டு அணிகள் நேரெதிராக நின்று இழுத்தால் நடுவில் கட்டிய துணி அசையாது. இழுவை இல்லாததால் அல்ல, இரண்டு இழுவைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால். காபனீரொட்சைட்டில் நடப்பது இதுவே. காபன் நடுவிலும் ஒட்சிசன்கள் இருபுறமும் 180 பாகையில் நேர்கோட்டில் நிற்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் முனைவுள்ளது, ஆனால் முழு மூலக்கூறின் இருமுனைவுத் திருப்புதிறன் பூச்சியம். நீரிலோ ஒட்சிசன்தான் நடுவில் இருக்கிறது. அதிலுள்ள இரண்டு தனிச்சோடி இலத்திரன்களும் பிணைப்புச் சோடிகளைத் தள்ளுவதால் மூலக்கூறு 104.5 பாகையில் வளைந்திருக்கிறது. இரண்டு அணிகளும் நேரெதிராக நில்லாமல் சரிந்து ஒரே பக்கமாக இழுத்தால் துணி அந்தப் பக்கம் நகர்ந்துவிடும் அல்லவா? அதேபோல நீரில் இரண்டு பிணைப்புகளின் இழுவையும் சேர்ந்து 1.85 டெபாய் அளவான திருப்புதிறனைத் தருகிறது. காபன் நாற்குளோரைட்டில் நான்கு முனைவுள்ள பிணைப்புகள் இருந்தும் நான்முகி வடிவத்தால் மொத்தம் பூச்சியமாகிறது. அதில் ஒரு குளோரீனை எடுத்து ஐதரசனை வைத்தால் குளோரோபோம் கிடைக்கும். சமநிலை குலைந்து அது முனைவுள்ளதாகிவிடும். அட்டவணை எனக்கு ஒவ்வொரு பிணைப்பையும்தான் சொன்னது. மூலக்கூறு முழுவதையும் நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

போலிங் பிறகு உயிரினங்களின் மூலக்கூறுகள் பக்கம் திரும்பினார். 1948இல் ஒக்ஸ்போர்டில் தடிமலால் படுக்கையில் கிடந்தபோது, பொழுதுபோகாமல் ஒரு தாளில் புரதச் சங்கிலியை வரைந்து மடித்துப் பார்த்தார். முனைவுள்ள ஒரு கூட்டத்தின் ஐதரசனும் இன்னொரு கூட்டத்தின் ஒட்சிசனும் எதிரெதிரே வந்து ஐதரசன் பிணைப்பால் சேரும்படி மடித்தபோது, ஒரு சுருள் உருவானது. அல்பா சுருள் எனப்படும் அந்த அமைப்பை 1951இல் தன் குழுவினரோடு வெளியிட்டார். இதனிடையே 1949இல், அரிவாள்கல இரத்தச்சோகை நோயாளரின் ஈமோகுளோபின் மின்ஏற்றத்தில் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுகிறது என்று அவரும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். ஏற்றமுள்ள ஓர் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் முனைவற்ற ஒன்று இருப்பதே காரணம் என்று பின்னர் வேர்னன் இங்கிராம் கண்டறிந்தார். ஒரேயோர் இடத்தில் முனைவுத்தன்மை மாறியதால் ஒரு நோய். இதை வாசித்த நாளிலிருந்து அந்த ஒரு புள்ளி வினாவை நான் சின்ன வினா என்று நினைப்பதில்லை.

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த பின்னர் போலிங் அதைப் பற்றிக் கூட்டங்களில் பேசத் தொடங்கியிருந்தார். ஒரு பேச்சு முடிந்து வீடு திரும்பியபோது ஏவா ஹெலன், விஞ்ஞானத்தைப் பேசும்போது இருக்கும் உறுதி இதில் இல்லை, மற்றவர்கள் சொன்னதையே சொல்கிறீர்கள் என்று எடுத்துக்காட்டினார். போலிங் அதை ஏற்றுக்கொண்டு உலக நடப்புகளையும் சட்டங்களையும் ஆழ்ந்து படித்தார். அவர் பேச்சு உறுதியாக உறுதியாக, அரசாங்கத்தின் சந்தேகமும் வளர்ந்தது. 1952இல் இலண்டனில் நடந்த புரதங்கள் பற்றிய மாநாட்டுக்குப் போகக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. 1953 பெப்ரவரியில் போலிங், டீ.என்.ஏ.யின் அமைப்பு இதுதான் என்று ஒரு கட்டுரையை வெளியிட்டார். மூன்று இழைகள் கொண்ட சுருள், பொசுபேற்றுக் கூட்டங்கள் அதன் நடுவில். அவை ஒன்றோடொன்று சேர்ந்து நிற்க, ஐதரசன் நீங்காமல் ஏற்றமின்றி இருப்பதாக அவர் வைத்துக்கொண்டார். ஆனால் டீ.என்.ஏ. ஓர் அமிலம். உயிர்க்கலத்தின் நீரில் அதன் பொசுபேற்றுகள் ஐதரசனை இழந்து மறை ஏற்றம் பெற்று நிற்கும். மறை ஏற்றங்கள் நடுவில் நெருங்கியிருந்தால் ஒன்றையொன்று தள்ளிச் சுருளே பிரிந்துவிடும். உயர்தர மாணவி ஒருத்திக்கும் புரியக்கூடிய விடயம் இது. ஏற்றம் எங்கே சேரும், வடிவம் எப்படி அமையும் என்று உலகுக்கே கற்பித்த மனிதர், அவசரத்தில் அதையே மறந்துவிட்டார். கடவுச்சீட்டு மறுக்கப்பட்டதைக் காரணமாகச் சொல்வோரும் உண்டு. ஆனால் அதே ஆண்டில் பின்னர் அனுமதி கிடைத்து இங்கிலாந்து சென்றபோதும், அங்கே எடுக்கப்பட்டிருந்த டீ.என்.ஏ.யின் எக்ஸ் கதிர்ப் படங்களை அவர் தேடிப்போய்ப் பார்க்கவில்லை. பிழை அவருடையதுதான்.

இரண்டே மாதங்களில் வொட்சனும் கிரிக்கும் சரியான அமைப்பை வெளியிட்டார்கள். அதில் இழைகள் இரண்டு. ஏற்றமுள்ள பொசுபேற்றுகள் வெளிப்புறத்தில் நீரை நோக்கி நின்றன. போலிங் கேம்பிரிஜுக்குச் சென்று அந்த மாதிரியுருவைத் தன் கண்ணால் பார்த்தார். இளைஞர்களுடையதே சரி என்று ஏற்றுக்கொண்டார். 52 வயதில், அத்தனை புகழோடு, அதைச் செய்வது எளிதாக இருந்திராது. அடுத்த ஆண்டு, பிணைப்பு பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு இரசாயனவியலுக்கான நொபெல் பரிசு கிடைத்தது.

1958 ஜனவரியில் போலிங் தம்பதியர் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தக் கோரி, உலகெங்கும் 9000க்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் கையொப்பமிட்ட மனுவை ஐக்கிய நாடுகள் சபையிடம் கையளித்தார்கள். வளியில் நடக்கும் சோதனைகளின் கதிர்த்தொழிற்பாடு பிறக்காத குழந்தைகளையும் பாதிக்கும் என்பதே அவர்களது வாதம். கையொப்பம் சேர்க்க உதவியவர்களின் பெயர்களைக் கொடுக்கும்படி 1960இல் அமெரிக்க செனற் சபையின் குழுவொன்று அவரை விசாரித்தது. சிறை செல்ல நேரலாம் என்று தெரிந்தும் பெயர்களைக் கொடுக்க மறுத்தார். அந்த இளையவர்களின் தொழிலும் வாழ்வும் பாதிக்கப்படும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1963 ஒக்டோபர் 10ஆம் திகதி, வளியிலும் நீரின் கீழும் விண்வெளியிலும் அணுச்சோதனையைத் தடைசெய்யும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் 1962ஆம் ஆண்டின் சமாதானத்துக்கான நொபெல் பரிசு போலிங்குக்கு அறிவிக்கப்பட்டது. வேறு எவரோடும் பகிராமல் இரண்டு நொபெல் பரிசுகளைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. எனினும் தன் அரசியல் காரணமாக அங்கே நெருக்கடிகளைச் சந்தித்த அவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த கலிபோர்னியா தொழினுட்ப நிறுவனத்தை விட்டு அவ்வருடமே வெளியேறினார்.

முதுமையில் விற்றமின் சீயைப் பெருமளவில் உட்கொண்டால் தடிமலும் புற்றுநோயும் தணியும் என்று வாதாடினார். மருத்துவ ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இம்முறை அவர் தன் கருத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. பெரிய மனிதர்களின் வாழ்க்கையில் இப்படியான பக்கங்களும் இருக்கின்றன. அவற்றை மறைத்து எழுதுவது அவர்களுக்கு மரியாதை ஆகாது என்று நினைக்கிறேன். 1981இல் ஏவா ஹெலன் காலமானார். 1994 ஓகஸ்ட் 19ஆம் திகதி, தன் 93ஆவது வயதில், கலிபோர்னியாவின் கடலோரத்திலிருந்த தன் பண்ணை வீட்டில் போலிங் கண்மூடினார்.

இவ்வளவையும் வாசித்து முடித்த பிறகுதான் மறைத்து வைத்த விடைத்தாளை வெளியே எடுத்தேன். சிவப்புக் கோட்டின் கீழே இரண்டு மூலக்கூறுகளின் வடிவத்தையும் வரைந்து, இழுவைகளை அம்புக்குறிகளால் காட்டி, விடையைத் திருத்தி எழுதினேன். மறுநாள் அதை வகுப்பில் தோழிகளுக்கும் காட்டினேன். என்னைப் போலவே எழுதியிருந்தவர்கள் வேறும் சிலர் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இப்போதெல்லாம் வுழூச் செய்யக் கையில் நீரை ஏந்தும்போது அந்த 104.5 பாகை என் நினைவுக்கு வருகிறது. நீர் மூலக்கூறு நேர்கோடாக இருந்திருந்தால் அதன் இரண்டு இழுவைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கும். உப்பைக் கரைக்கும், உயிர்க்கலத்தில் புரதத்தையும் டீ.என்.ஏ.யையும் தாங்கும் இந்த நீர் எங்களுக்குக் கிடைத்திருக்காது. அந்தச் சிறிய வளைவை அமைத்தவன் அல்லாஹ். அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு வழி காட்டியவர்களில் ஒருவர், தன்னுடைய பாடத்தையே ஒருமுறை மறந்து, பிறகு அதை ஏற்றுக்கொண்ட ஒரு மனிதர்.